மண்டபத்துப் பட்டறையில் போட் ஜெனரேட்டர் வேலை: என் அனுபவம்

பெயர்ப்பலகை கிடையாது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் போட்டைக் கரையேற்றும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வாசலில் பழைய டைனமோக்கள் குவிந்து கிடக்கும். அவ்வளவுதான் அடையாளம். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் என் இரும்பு போட்டின் ஜெனரேட்டர் வேலையை அங்கேதான் கொடுத்தேன்.

போன வருடம் வெளியூர்க் கடை ஒன்றில் 5 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கினேன். மாட்டியதும் அவர்கள்தான். ஏழாவது மாதம், வாடைக்காற்று தண்ணீரை மேலே வாரி அடித்த ஒரு ராத்திரியில், ஃப்ரீசர் மூடியில் கை வைத்த பையனைக் கரண்ட் தூக்கி எறிந்தது. முழங்கையில் நாலு தையலோடு போயிற்று. இத்தனைக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இருந்தது (போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தானாக விழுந்து லைனை வெட்டிவிடும் சுவிட்ச்). டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டக்கென்று விழும். அன்றைக்கு மட்டும் விழவில்லை.

பட்டறைக்கார பாய் ஜெனரேட்டரைத் தொடவே இல்லை. முதலில் ஒயரைத்தான் உரித்தார். ஒரு ஜாண் உரித்தும் உள்ளே பச்சைக் களிம்பு. "இது வீட்டு ஒயர் தம்பி. முனையில உப்புத் தண்ணி பட்டா, திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி உள்ள இழுத்துக்கிட்டே போகும்" என்றார். அடுத்து ஜங்ஷன் பெட்டி. திறந்தால் உப்புப் பூத்து, நியூட்ரல் (கரண்ட் திரும்பி வரும் ஒயர்) முனைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் ஈரப்பாலமே போட்டிருந்தது. ஃப்ரீசருக்கு எர்த் ஒயரையே இழுத்திருக்கவில்லை.

அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு குண்டு பல்பை எடுத்து ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை ஜெனரேட்டர் உடம்பிலும் வைத்தார். (நீங்கள் செய்து பார்க்காதீர்கள்.) பல்பும் எரியவில்லை, ஆர்சிசிபியும் விழவில்லை. விஷயம் இதுதான்: நியூட்ரலை ஜெனரேட்டர் உடம்போடு சேர்க்காமலே விட்டிருக்கிறார்கள். அதனால், கசிகிற கரண்ட் ஆர்சிசிபிக்கு வெளியே போய்த் திரும்ப வழியே இல்லை. அன்றைக்குப் பையன் வழியாகத் தளத்துக்கு இறங்கியது, அந்த உப்புப் பெட்டி வழியாக நியூட்ரலில் ஏறி, ஆர்சிசிபிக்குள்ளேயே திரும்பி வந்திருக்கிறது. போனதும் வந்ததும் சரியாக இருந்தால் அது எப்படி விழும்? டெஸ்ட் பட்டன் எர்த்தைப் பார்ப்பதே இல்லையாம், தன் இயந்திரம் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்குமாம். ஒரு வருடமாக அந்தப் பட்டனை நம்பி நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஜெனரேட்டர் ரப்பர் கால்களில் உட்கார்ந்திருப்பதால் இரும்பு போட் என்றாலும் தானாக எர்த் கிடைக்காது. ஜெனரேட்டர் உடம்பிலிருந்து போட்டின் இரும்புக்குத் தனிப் பட்டை போட்டார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று சுரண்டி, இறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசினார். நியூட்ரலை ஜெனரேட்டர் உடம்போடு ஒரே இடத்தில் மட்டும் சேர்த்தார். கரையிலிருந்து லைன் எடுக்கும்போது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையுமே மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒயர் எல்லாம் வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு, முனைகளுக்குப் பசை வைத்த ஸ்லீவ். ஒவ்வொரு ஒயரும் பெட்டிக்குள் கீழிருந்து வளைந்து ஏறுகிறது, வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். எல்லாம் முடிந்த பிறகு அதே பல்பை வைத்தார். கண் சிமிட்டும் முன் ஆர்சிசிபி விழுந்தது.

துரு விஷயத்தில் என் மேலும் தப்பு இருக்கிறது. போட்டின் அடியில் பற்றவைத்த ஜிங்க் (துத்தநாக) கட்டிகளின் மேல் என் ஆட்கள் அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஜிங்க் கரைந்தால்தான் இரும்பு தப்பும், அதை மூடிவிட்டால் அது சும்மா பாரம். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் பென்சில் மாதிரி ஒரு ஜிங்க் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தால் வெறும் பித்தளை மூடிதான் மிச்சம். பாதி கரைந்ததுமே மாற்றச் சொல்லி இரண்டு ஜிங்க் கையில் கொடுத்தார். புகைக்குழாய்த் தண்ணீர் பின்வாங்கி இன்ஜினுக்குள் போகாதபடி சைபன் வளைவையும் உயர்த்திவிட்டார்.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. வீட்டு ஒயர் எம்மாத்திரம்.

குறைகளும் உண்டு. நாலு நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. போனை எடுக்கவே மாட்டார், நேரில் போய் நிற்க வேண்டும். 46,500 ரூபாய்க்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டிருக்கேன்ல" என்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை, ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்க வேண்டுமாம். குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிற நம்ம ஊரில் இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

போவதாக இருந்தால் ஏப்ரல் 15-க்கு முன்பே சொல்லி வையுங்கள். தடைக்காலம் தொடங்கிவிட்டால் கொட்டகை வாசலில் நிற்கவே இடம் இருக்காது.