வீடற்றோர் பணிக்கு அறக்கட்டளை நிதி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் குழுக்களுக்கு எவ்வளவு உதவும்?

மதிப்பெண்: 5க்கு 3. பணம் உண்டு, வாசல்தான் குறுகல்.

முதல் சல்லடை காகிதம். 1997ஆம் ஆண்டின் 71ஆம் எண் சட்டப்படி (லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டம்) சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு வேண்டும்; கட்டணம் இல்லை. நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் ஆண்டறிக்கை போகவேண்டும். அதை விட்டால் நல்ல திட்டமும் மேசையிலேயே கிடக்கும்.

அடுத்தது சார்ஸ் எனும் தென்னாப்பிரிக்க வரித்துறை வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் தரும் அங்கீகாரம். இருந்தால் நன்கொடையாளர் வரிக்குரிய வருமானத்தில் 10% வரை கழித்துக்கொள்ளலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிக் கோயில் குழுக்கள் சறுக்குவது இங்கேதான். வறுமை நிவாரணம் 18ஏ-க்குள் வரும், வழிபாடு வராது. பூசைச் செலவும் அன்னதானச் செலவும் ஒரே நோட்டில் இருந்தால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார். சோற்றுக் கணக்குக்குத் தனி வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

கம்பெனி நிதியின் கணக்கு வேறு. பி-பிபிஇஇ (கறுப்பினத்தவருக்குப் பொருளாதார வலுவூட்டும் சட்டம்) விதிப்படி கம்பெனி வரிக்குப் பிந்தைய லாபத்தில் 1% சமூகப் பணிக்குச் செலவிட்டால் அதன் தரமதிப்பீட்டில் புள்ளி கிடைக்கும். முழுப் புள்ளிக்குப் பயனில் 75% கறுப்பினத்தவருக்குச் சேரவேண்டும். சட்டத்தில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அதில் அடக்கம். பயனாளி பதிவேடு இல்லையென்றால் இதை நிரூபிக்க வழியில்லை.

‘தினம் 200 தட்டு’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எத்தனை பேர் அடையாள அட்டை பெற்றார்கள், எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் வாடகை அறையில் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். தொலைந்த அடையாள அட்டையை மறுபடி எடுக்க 140 ராண்ட். அதைப் பட்ஜெட்டில் தனிச் செலவினமாகப் போடுங்கள். சமூகப் பணியாளர் சம்பளம் கேட்டால் மட்டும் பல அறக்கட்டளைகள் முகம் சுளிக்கும். ஆள் இல்லாமல் யார் பின்தொடர்வது என்று கேட்டால் பதில் வராது!