ஐந்து வருடம், 66,000 கிலோமீட்டர்: ஒரு பழைய மாருதி சியாஸ் காருடன்

2020 செப்டம்பரில் ஊரடங்கு தளர்ந்து மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பித்த சமயம் அது. நாங்கள் மதுரையில், அம்மாவும் அப்பாவும் நாகர்கோவில் பக்கம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸில் ஏற்ற மனசு வரவில்லை. அதுவரை என்னிடம் இருந்த சின்ன காரில் பின் சீட்டில் உட்கார்ந்தால் திருநெல்வேலி வருவதற்குள் அம்மாவுக்குக் கால் மரத்துவிடும். முன் சீட்டின் முதுகில் முட்டி இடிக்க இடிக்க அவர் ஒன்றும் சொல்லாமல் வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கையில் இருந்தது ஐந்தரை லட்சம். அதில் புதிதாக வாங்கினால் மறுபடியும் சின்ன கார்தான் வரும். நான்கைந்து வருடம் ஓடிய செடான், அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள நீளமான கார் என்றால் பின் சீட் தாராளமாகக் கிடைக்கும். ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, மாருதி சியாஸ் மூன்றையும் பார்த்தேன். மற்ற இரண்டும் ஓட்டுகிறவனுக்கு நல்ல கார்கள். ஆனால் இது ஓட்டுகிறவனுக்காக வாங்கும் கார் இல்லை. சியாஸின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2,650 மி.மீ., அந்தக் காலத்து சிட்டியைவிட 50 மி.மீ. அதிகம். காகிதத்தில் ஒன்றுமில்லாத வித்தியாசம்தான். நண்பர் ஒருவரின் சியாஸில் அம்மாவை உட்காரச் சொன்னபோது, அவர் காலை முழுசாக நீட்டிவிட்டு "இது போதும்ப்பா" என்றார். அதோடு முடிவு செய்துவிட்டேன்.

சியாஸ் 2014 அக்டோபரில் வந்தது. நான் தேடியது ஆரம்பகால 1.4 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். டீசல் வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். வருடத்துக்குப் பன்னிரண்டு, பதிமூன்றாயிரம் கிலோமீட்டர்தான் என் ஓட்டம். அதற்கு டீசல் பராமரிப்பு கட்டாது.

முதலில் போனது ஒரு பழைய கார் கடைக்கு. சென்னைப் பதிவெண் போட்ட சியாஸ், பளபளவென்று நின்றது, விலையும் எதிர்பார்த்ததைவிட நாற்பதாயிரம் குறைவு. கதவைத் திறந்ததும் வாசனை திரவிய நெடி மூக்கை அடைத்தது. கூட வந்திருந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜினைத் திறக்கச் சொல்லவே இல்லை. பின் சீட்டு பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் அந்தக் கடைசி இரண்டு அடி நாடாவில், குறுக்கே ஒரு காவி நிறக் கோடு. அப்புறம் டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். அந்தக் குழியின் ஓரத்தில் விரலால் தடவினால் மாவு மாதிரி வண்டல். "தம்பி, இது தண்ணி குடிச்ச வண்டி. வாங்க, போலாம்" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் பிறகு மற்ற ஊர்களுக்கு வந்து விற்பனைக்கு நின்றதைப் பற்றி அவர்தான் சொன்னார். சீட்டையும் விரிப்பையும் மாற்றிவிடலாம். வயரிங் இணைப்புகளுக்குள் ஏறிய துரு உள்ளேயே இருந்து, ஒரு வருடம் கழித்துக்கூட நடுரோட்டில் நிறுத்தும். பெல்ட்டைக் கழுவத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. பழைய கார் பார்க்கப் போகிற யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது இந்த பெல்ட் சமாச்சாரம்தான்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் இப்போது வாசலில் நிற்கிறது. 2015 மாடல், இசட்எக்ஸ்ஐ வேரியண்ட், ஒரே ஓனர், 52,000 கிலோமீட்டர். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். காரைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். முதல் இலவச சர்வீஸிலிருந்து கடைசி ஆயில் மாற்றம் வரை எல்லா பில்லும் தேதி வரிசையில். ஒவ்வொரு பில்லிலும் கிலோமீட்டர் எழுதியிருந்தது. மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போயின. பளபளப்பில் முதலாவது வண்டிக்குப் பக்கத்தில்கூட இது வராது. இடது பின் கதவில் நீளமாக ஒரு கீறல் வேறு. இருந்தும் அந்தக் கோப்பைப் புரட்டியபோதே என் மனசு நிறைந்துவிட்டது.

வேரியண்ட், அதாவது ஒரே மாடலில் வசதிகளைப் பொறுத்து வரும் வகை, அந்த விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஓட்டுநர் பக்க ஏர்பேக் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய கார்களில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது வேரியண்ட்டைப் பொறுத்தது. பத்தாயிரம் இருபதாயிரம் கூடினாலும் இரண்டு ஏர்பேக்கும், அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

பேரத்துக்கு உதவியது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 1415 என்று இருந்தது, அதாவது 2015-இன் பதினான்காவது வாரம். காரோடு வந்த டயரே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேல் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போயிருந்தது. 5,75,000 கேட்டவர் 5,35,000-க்கு இறங்கினார்.

ஆவண வேலையில் ஒரு சிக்கல். அவர் வாங்கியிருந்த கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் இல்லாமல் அதை நீக்க முடியாது. அது வரும் வரை 25,000 ரூபாயை நிறுத்திவைத்துக்கொள்ளட்டுமா என்று தயங்கிக்கொண்டே கேட்டேன், பெரியவர் உடனே சரி என்றார். மூன்று வாரம் ஆனது. பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகம் போனேன். விற்பவர்களும் இதில் அக்கறை காட்ட வேண்டும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். கிளைம் கேட்காத வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) அவருடையது, காரோடு வராது. அந்த வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

இப்போது செலவு. வாங்கிய முதல் வருடத்தில் நான்கு டயர் 21,500. பேட்டரி 4,800. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பிளக், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 9,000. முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் மாற்றியது 11,500. மொத்தம் 46,800. இதில் எதையும் குறையாக நான் நினைக்கவில்லை. ஐந்து வருடம் ஓடிய எந்தக் காருக்கும் வரக்கூடிய தேய்மானம்தான். என் கணக்கில் இந்தக் காரின் விலை 5,35,000 இல்லை, 5,81,800. கையில் இருப்பதை எல்லாம் விலைக்கே கொடுத்துவிட்டு, முதல் சஸ்பென்ஷன் வேலைக்கே கடன் வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கியவர்கள்தான் ஆறே மாதத்தில் காரை வெறுத்துவிடுகிறார்கள்.

ஓட்டுவதற்கு எப்படி? 1,373 சிசி, 92 குதிரைத்திறன். ஊருக்குள் சாந்தமான வண்டி, கிளட்ச் இலகு. ஐந்து பேரோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது கியரைக் குறைக்க யோசிக்கவே கூடாது, இரண்டாவதிலும் மூன்றாவதிலுமாகத்தான் ஏறும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. நான்குவழிச் சாலையில் 90-இல் பிடித்தால் இன்ஜின் சத்தம் உள்ளே கேட்பதில்லை, அம்மா தூங்கிவிடுவார். ஆடி மாதத்தில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறையும். பழைய சின்ன காரில் அந்தக் காற்றாலைகளைக் கடக்கும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி வருவேன். இது அங்கே லேசாக அசைகிறது, அவ்வளவுதான்.

தாழ்வான சீட் மட்டும்தான் முதலில் தொந்தரவாக இருந்தது. உட்கார்ந்த பிறகு அம்மாவுக்குச் சொகுசு, ஏறி இறங்குவதுதான் பாடு. பழகிப் பழகி ஒரு வழி கண்டுபிடித்தோம். முன் சீட்டை முழுசாக முன்னால் தள்ளிவிடுவேன். அம்மா முதலில் முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவார். இறங்கும்போது அதே தலைகீழாக: இரண்டு பாதமும் தரையில் ஊன்றிய பிறகுதான் என் கையைப் பிடித்து எழுவார். நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் பாதம் உயரத்தில் இருக்கும், முட்டி இன்னும் மடங்கும், எழவே முடியாது. அதனால் சமதரை பார்த்துத்தான் நிறுத்துவேன். இரண்டு அங்குல உயரத்துக்குக் கெட்டியான இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்துப் போட்டோம். அது பெரிய உதவி. மூட்டு வலி உள்ளவர்களுக்காகக் கார் பார்க்கிறீர்கள் என்றால், அவர்களைக் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தரை இடைவெளி 170 மி.மீ. சாதாரண ரோட்டில் போதும். ஆனால் நீளமான கார், கிராமத்து ரோடுகளில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடைகளில் ஆள் நிறைய இருந்தால் நடு வயிறு தட்டும். நேராக ஏறாமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தப்பிக்கலாம்.

மைலேஜை டேங்க் நிரப்பி, அடுத்து நிரப்பும்போது கணக்குப் போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். லிட்டருக்கு மதுரைக்குள் 14 கிலோமீட்டர், நாகர்கோவில் ரோட்டில் 18.5 கிடைத்துக்கொண்டிருந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்த பிறகு நெடுஞ்சாலையில் 17.6. வேறு தொந்தரவு இல்லை, என்றாலும் ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

பெரிய வேலைகள் இரண்டு வந்தன. 91,000 கிலோமீட்டரில் கிளட்ச் செட், 13,800 ரூபாய். அடுத்தது 2024 கோடையில் ஏசி. குளிர் குறைந்தது என்று ஒரு பட்டறையில் விட்டேன். கேஸ் நிரப்பி 1,800 வாங்கினார்கள். ஒரே மாதத்தில் மறுபடியும் வெறும் காற்று. மறுபடி கேஸ், மறுபடி 1,800. கசிவு எங்கே என்று யாரும் தேடவில்லை. கடைசியில் பழைய மெக்கானிக் அண்ணனிடமே போனேன். "கேஸ் என்ன பெட்ரோலா தம்பி, தீர்ந்து போறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, டேஷ்போர்டைக் கழற்றி கூலிங் காயிலில் ஓட்டையைக் காட்டினார். முதல் தடவையே அவரிடம் போயிருக்க வேண்டும்.

2025-இல் மாருதி சியாஸை நிறுத்திவிட்டது. பார்ட்ஸ் கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இதே 1.4 இன்ஜின் மாருதியின் அந்தக் காலத்து எர்டிகா காரிலும் இருப்பதால் இன்ஜின் பார்ட்ஸைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஹெட்லைட், பம்பர் மாதிரி இந்தக் காருக்கே உரியவைதான் போகப் போகத் தேட வேண்டியிருக்கும். பதிவுக் காலம் 2030 வரை இருக்கிறது, அதன் பிறகு தகுதிச் சான்று வாங்கி ஐந்து வருடம் நீட்டிக்கலாம்.

போன மாதம் ஒருவர் மூன்றே முக்கால் லட்சத்துக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. மீட்டரில் இப்போது 1,18,000. நான் போட்ட டயருக்கும் வயது ஐந்தாகிவிட்டது, மழைக்காலத்துக்கு முன் மாற்ற வேண்டும். அந்த பில்லையும் பெரியவர் கொடுத்த நீலக் கோப்பில்தான் சேர்ப்பேன், இன்னும் நாலு பில்லுக்கு அதில் இடமிருக்கிறது.