ஸ்டூடியோவா, தெருமுனை ஜிம்மா, கடற்கரைச் சாலையா?

புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் பிலாட்டீஸ் (வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி) வகுப்புக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று வகுப்பு என்றால் மாதம் 6,000 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26க்கு இங்கே அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 336 ரூபாய். அதாவது ஒரு மணி நேர வகுப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் கூலி.

இது வெறும் பகட்டுக்கான விலை என்று தள்ளிவிட மாட்டேன். இந்தப் பயிற்சிக்கான ரிஃபார்மர் என்ற கருவியில் ஸ்பிரிங் பூட்டிய பலகை முன்னும் பின்னும் நகரும். ஆளுக்கொரு கருவி வேண்டும். அதனால் ஒரு வகுப்பில் ஐந்தாறு பேர்தான். வாடகை, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில் விழும். பதிலுக்கு, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் பயிற்சியாளர் உடனே கண்டு திருத்துவார். முதுகுவலிக்காரர்களுக்கு அந்தக் கவனிப்பு பெரிது. 2025 செப்டம்பரில் ஜிம், யோகா மையங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது நல்ல செய்தி. ஆனால் மாதம் ஆயிரம்கூட ஒதுக்க முடியாதவருக்கு அதனால் கதவு திறக்கவில்லை.

தெருமுனை ஜிம்மில் சந்தா ஸ்டூடியோ கட்டணத்தில் சிறு பங்குதான். பாரம் தூக்க அதுவே தாராளம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மாலையில் ஆண்கள் கூட்டம். பெண்களுக்கென்று ஒதுக்கும் நேரம், நான் பார்த்த இடங்களில், காலை பத்து மணிக்கு மேல். நேரு வீதி ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டும் பெண் அந்நேரம் எப்படி வருவாள்? பணம் இருந்தாலும் அவளுக்கு வழியில்லை. இதுதான் எனக்கு ஆற்றாமை.

கடற்கரைச் சாலை இலவசம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட நடைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். ஆனால் அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டச் சொல்கிறது. பூங்காக்களில் உள்ள இரும்புக் கருவிகள் பலவற்றில் பாரத்தைக் கூட்ட முடியாது. சொல்லித்தர ஆளும் இல்லை.

வசதியுள்ளவர்கள் இரண்டு மாதம் ஸ்டூடியோவில் முறையைக் கற்றுக்கொண்டு ஜிம்முக்கு மாறலாம். மற்றவர்கள் நடையோடு, சுவரில் கையூன்றித் தள்ளுவதையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையும் சேர்க்கலாம். ஆண்டுதோறும் யோகா திருவிழா நடத்தும் அரசு, இரவு எட்டரை மணிக்கு ஒரு பூங்காவிலாவது பெண் பயிற்சியாளரை நியமிக்க வேண்டும்.