சாமான் தராத சங்கம்: பன்னிரண்டு வருடச் சந்தாவின் கணக்கு

தீயணைப்புப் படையில் சேர்ந்து முதல் சம்பளச் சிட்டை வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வரியில் விரல் நின்றது. "இதென்ன காசு?" யூனியன் சந்தா என்றேன். "அப்ப சங்கத்தில சாமான் மலிவோ?"

அப்பா சாவகச்சேரிப் பக்கம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதியவர். சங்கம் என்றால் அவருக்குச் சங்கக்கடை: சீனி, மா, மண்ணெண்ணெய். ஒரு சாமானும் தராத சங்கத்துக்கு ஏன் காசு கட்டவேண்டும் என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியாது. எல்லாரும் கட்டுகிறார்கள், நானும் கட்டினேன்.

இப்போது பன்னிரண்டு வருடம். ரெலிபோன் பிளானுக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நட்சத்திரம் போடுகிறோம், மாதாமாதம் காசு பிடிக்கும் இதற்கு ஒருவரும் போடுவதில்லை. நான் போடுகிறேன்.

நான் வேலை செய்வது ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு நடுத்தர நகரத்தில். சந்தா மூன்று அடுக்காகப் பிரிந்து போகிறது. ஒரு பங்கு எங்கள் நகரத்து லோக்கலுக்கு, அதாவது சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு. ஒரு பங்கு பேர்லிங்ரனில் தலைமையகம் உள்ள ஒன்ராறியோ தொழில்முறைத் தீயணைப்பாளர் சங்கத்துக்கு. இன்னொரு பங்கு 1918இல் தொடங்கி வாஷிங்ரனில் இருந்து நடக்கும் சர்வதேச சங்கத்துக்கு. எனக்கு ஏதாவது நடந்தால் முதலில் எடுப்பது லோக்கலை. சட்டம், நட்டஈடு என்று வந்தால் லோக்கல்காரர் பேர்லிங்ரனை எடுப்பார். வாஷிங்ரனைப் பற்றி நான் நினைப்பது குறைவு. மனம் உடைந்து போகிறவர்களுக்கென்று மேரிலாண்டில் 2017இல் அவர்கள் திறந்த சிகிச்சை நிலையத்துக்கு எங்கள் ஹோலில் (தீயணைப்பு நிலையத்தில்) இருந்து ஒருவர் போய்த் திரும்பி வந்தார். வந்த பிறகு அவர் சிரித்ததை நான் பார்த்தேன், அதனால் அந்தப் பங்கைப் பற்றி முறைப்பாடு இல்லை.

சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் முதல் கேள்வி, "நீங்கள் ஸ்ரைக் அடிப்பீங்களோ?" முடியாது. ஒன்ராறியோவில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி தீயணைப்பாளர் வேலைநிறுத்தம் செய்யமுடியாது, நகரசபையும் எங்களை வெளியே விட்டுக் கதவைப் பூட்டமுடியாது. பேச்சு முறிந்தால் நடுவர் ஒருவர் சம்பளத்தைத் தீர்மானிப்பார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பழைய ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் நாங்கள் பழைய சம்பளத்திலேயே ஓடியிருக்கிறோம். பிறகு பாக்கிப் பணம் மொத்தமாக வந்தது, அதில் எங்கள் வீட்டுக் கூரை மாறியது. 24 மணி நேர ஷிஃப்ட் வந்ததும் பேச்சுவார்த்தையில்தான். 28 நாளில் ஏழு ஷிஃப்ட், சராசரி வாரத்துக்கு 42 மணி நேரம். பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் அப்பா என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர்.

இதெல்லாம் எல்லா யூனியனும் செய்வதுதான். நான் நட்சத்திரம் கொடுப்பது ஒரு தாளுக்கு.

சேர்ந்து மூன்றாம் வருடம், ஒரு மாசி மாத இரவு, ரவுண்ஹவுஸ் ஒன்றின் பேஸ்மென்றில் தீ. இருபது நிமிடத்தில் அடக்கிவிட்டோம். அதன் பிறகு வருவது 'ஓவர்ஹோல்': சுவரையும் சீலிங்கையும் உடைத்து உள்ளே கனல் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது. நெருப்பு இல்லை, புகையும் மெல்லியது, உடம்பெல்லாம் வேர்வை. முகமூடியைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் நின்றவரும் கழற்றினார். அந்த நேரத்தில் அது ஒரு பெரிய சுகம்.

அடுத்த ஷிஃப்டில் இருமிக்கொண்டு தேத்தண்ணி போட்டேன். எங்கள் லோக்கலின் ஸ்ருவேட் (ஹோலில் சங்கத்தின் பிரதிநிதி), ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர், சமையலறை மேசையில் ஒரு படிவத்தைத் தட்டி வைத்தார்: தீயில் என்ன நச்சுக்கு ஆளானோம் என்று பதிகிற படிவம். "பிரதர், எழுதினியா?" (யூனியனில் எல்லாரும் பிரதர், சிஸ்ரர்தான். முதல் வருடம் எனக்குக் கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி இருந்தது.) எழுதவில்லை என்றேன். பேனாவை நீட்டினார்.

'எதற்கு ஆளானாய்' என்ற இடத்தில் 'புகை' என்று எழுதினேன். அவர் பேனாவை வாங்கி அதை வெட்டினார். "புகை ஒரு பதில் இல்லை. என்ன எரிந்தது?" யோசித்தேன். சோபா. சோபாவுக்குள் என்ன? ஃபோம். வேறு? பிள்ளைகளின் பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான், ஒரு ரீவி, கார்பெற். எத்தனை நிமிடம் உள்ளே? முகமூடி எத்தனை நிமிடம் இல்லாமல்? அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் கூச்சப்பட்டு ஐந்து என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து என்று திருத்தினேன். கழுத்தைத் துடைத்தாயா, உடுப்பைக் கழுவப் போட்டாயா என்றும் கேட்டார். கழுவவில்லை. கரிபிடித்த கியர் அப்போதெல்லாம் எங்களுக்குப் பதக்கம் மாதிரி.

ஒரு பிரதியை எடுத்து என் கையில் தந்து, "இது ஹோலில் இருக்கக்கூடாது, உன் வீட்டில் இருக்கவேண்டும்" என்றார்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று பிறகுதான் விளங்கியது. 1997 ஜூலையில் ஹமில்ரனில் பிளாஸ்ரிமெற் என்ற பிளாஸ்ரிக் மறுசுழற்சி இடத்தில் நூற்றுக்கணக்கான தொன் பி.வி.சி. நாள்கணக்காக எரிந்தது. அங்கே நின்று அணைத்தவர்களில் ஒருவர் பொப் ஷோ. 2004இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். அந்தக் காலத்தில், இந்த நோய் இந்த வேலையால்தான் வந்தது என்று நோயாளியோ அவர் குடும்பமோ நிரூபிக்கவேண்டும். ஷோவின் குடும்பமும் சங்கமும் குயின்ஸ் பார்க்கில் உள்ள மாகாணச் சட்டசபைப் படிகளில் ஏறி இறங்கி 2007இல் அதைத் தலைகீழாக்கினார்கள். பட்டியலில் உள்ள புற்றுநோய், போதிய வருடச் சேவை, இரண்டும் இருந்தால் வேலையால் வந்தது என்றே எடுக்கப்படும், இல்லையென்று காட்டுவது மற்றவர் வேலை. 2014 தொடக்கம் மார்பகம், நுரையீரல், புரஸ்ரேற் உட்பட ஆறு புற்றுநோய்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. 2016இல் மனவடு நோய்க்கும் அதே மாதிரிச் சட்டம் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பில் போட்டது 2022இல்தான்.

சட்டம்தான் இருக்கிறதே, தாள் எதற்கு? நானும் ஸ்ருவேட்டிடம் கேட்டேன். பட்டியலில் இல்லாத நோய் வந்தால் என்றார். பத்து வருடம் வேண்டிய இடத்தில் எட்டு வருடத்தில் வந்தால் என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் இப்போது அறுபத்தொரு தாள் இருக்கிறது.

சரி, குறைகள். லோக்கல் கூட்டம் வேலைநாள் காலை பத்துமணிக்கு. அதே எட்டுப் பேர் கதைப்பார்கள். பாதி நேரம் ரீசேட்டின் நிறத்துக்குப் போகும். ஒப்பந்தம் ஸ்கான் செய்த படமாகக் கிடக்கிறது, ஒரு சொல்லைத் தேடி எடுக்கமுடியாது. நான் தோள்மூட்டு விலகி வீட்டில் இருந்தபோது, இலகு வேலை தருவது பற்றி நகரசபையுடன் இழுபறி. லோக்கலுக்கு வைத்த மெசேஜுக்குப் பதில் வர பதினொரு நாள். வந்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது, நட்டஈட்டுக்கு நான் நிரப்பிய படிவம் ஆறையும் மருத்துவர் நிரப்பிய படிவம் எட்டையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பதினொரு நாளும் நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

அதைவிட எரிச்சல், வீட்டில் உள்ளவர்களுக்கென்று ஒன்றும் இல்லாதது. எனக்கு ஏதும் நடந்தால் யாரை எடுக்கவேண்டும் என்று மனைவிக்கு யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்திலேயே சொல்லவில்லை, தமிழில் எதிர்பார்ப்பது பேராசை.

போன இலையுதிர் காலத்தில் அப்பாவைக் குயின்ஸ் பார்க்கில் உள்ள நினைவிடத்துக்குக் கூட்டிப்போனேன். கல்லில் பெயர்கள். அப்பா குளிர்க்கோட்டுக்குள் கையை விட்டபடி ஒவ்வொன்றாக வாசித்தார், பழைய பேரேடு பார்ப்பவர் மாதிரி. "இவ்வளவு பேரும் நெருப்பிலயோ?" இல்லை என்றேன். கனடாவில் இந்த வேலையால் சாகிறவர்களில் பெரும்பாலானவரைக் கொண்டுபோவது புற்றுநோய், பலர் ஓய்வெடுத்த பிறகு. அப்பா கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கார் வரை நடந்த பிறகு, "உன்ர தாளெல்லாம் எங்க வச்சிருக்கிறாய்?" என்றார்.

சமையலறை லாச்சியில், பிளாஸ்ரிக் உறையில். வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் திகதி ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் இலக்கம் போட்டார். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில் நாலு மாதம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். தோள்மூட்டு என்றேன்.

ஐந்துக்கு நாலு. கழித்த ஒன்று அந்தப் பதினொரு நாளுக்கு.