கடைசல் லேத்துக்குத் தாராளமாகப் போகலாம், கிரைண்டரை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் 60 வயது தாண்டியவர்களுக்கென்றே நடக்கிற பொதுப் பட்டறை. குறையும் எழுதப்போவதால் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தார் அறிவார்கள். மாலை 4 முதல் 7 வரை திறந்திருக்கும். மரக் கடைசல் லேத் இரண்டு, உளி தீட்டுகிற பெஞ்ச் கிரைண்டர் ஒன்று, ட்ரில் ஒன்று. சொப்புச் சாமான் கடைந்த ஊர் என்பதால் கூட்டமெல்லாம் லேத்துப் பக்கம்தான்.

முதலில் மெச்ச வேண்டியது ஸ்டார்ட்டரை. கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற அதே பச்சை, சிவப்பு பட்டன் வகையை இரண்டு லேத்துக்கும் போட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் உள்ளே இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) பிடியை விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சையை அமுக்காமல் ஓடாது. வெறும் சுவிட்ச் என்றால், கரண்ட் இல்லாத நேரத்தில் கட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பவர் கையிலேயே லேத் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓட வயலில் ‘ஆட்டோ’ மாட்டுவோமே, அது பட்டறை ஸ்டார்ட்டரில் இருக்கவே கூடாது. தோட்டத்துப் பழைய ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்து மாட்டுகிற இடங்களில் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இங்கே மறக்கவில்லை. கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறது, மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்த தேதி பக்கத்துச் சுவரில் சாக்பீஸில் கிடக்கிறது.

வாசலில் ‘வேட்டி, கைலி, துண்டோடு உள்ளே வர வேண்டாம் அண்ணாச்சி’ என்று பலகை. துண்டு தொங்கவிட ஆணி அடித்து, அரைக்கை ஏப்ரனும் தருகிறார்கள். லேத்தில் கையுறைக்கு அனுமதி இல்லை. அதுவும் சரியே: ஒரு நூல் கட்டையில் சிக்கினால் போதும், கையை மொத்தமாக இழுத்துக்கொள்ளும்.

இனி கிரைண்டர். சக்கரத்துக்கும் உளியை வைக்கிற ரெஸ்ட்டுக்கும் நடுவே ஒரு விரலே போகிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மேலே இருக்கிற தடுப்புத் தகட்டுக்கு 6 மில்லிமீட்டர். சக்கரம் தேயத் தேய இடைவெளி அகலும்; உளி முனை அதற்குள் இழுபட்டால் விரலும் கூடவே போகும், சக்கரமும் வெடிக்கும். சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். மெயினை அணைத்து, போல்ட்டைத் தளர்த்தி, ரெஸ்ட்டை நெருக்கி முறுக்கிவிட்டு, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச் சக்கரம் மாட்டுமுன் அதை விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். சந்தையில் மண்பானை வாங்குகிற அதே கணக்குதான்: கணீர் என்றால் நல்லது, டொக்கென்றால் விரிசல். மாட்டியபின் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று சும்மா ஓடவிட வேண்டும்.

அந்த மூலையிலேயே பழைய சோக் டியூப் லைட் வேறு. வினாடிக்கு 100 தடவை அது மங்கி எரிவதால், சில வேகங்களில் சுற்றுகிற சக்கரம் நின்றுவிட்ட மாதிரியே தெரியும். காது நன்றாகக் கேட்பவர் மோட்டார் சத்தத்தில் சுதாரித்துக்கொள்வார். காதும் மந்தமானவருக்கு என்ன வழி? லேத்துக்கு மேலே போட்டிருக்கிற தனி எல்.இ.டி.யைப் போல இங்கேயும் ஒன்று போட்டால் தீர்ந்தது.

தூசி விஷயத்தில் கவனம் போதவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் கடைபவரின் முதுகுப் பக்கம் இருக்கிறது. தூள் அவர் முகத்தைத் தாண்டித்தான் வெளியே போகிறது. லேத்துக்கு அந்தப் பக்கச் சுவரில் இருக்க வேண்டியது. மூக்கில் துண்டு கட்டுவது பெரிய தூளைத்தான் தடுக்கும். நுரையீரலுக்குள் போகிற பொடிக்கு என்95 மாஸ்க் வேண்டும், கையோடு கொண்டுபோங்கள்.

சேரும்போதே சுகர், பிரஷர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, பேஸ்மேக்கர் எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அருமை. ஆனால் முதலுதவிப் பெட்டியில் சின்ன பிளாஸ்திரிகள்தான். அந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு உளி பட்டால் கனமான காஸ் துணியை வைத்து, நடுவில் தூக்கிப் பார்க்காமல் 10 நிமிடம் அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் அழுத்தியபடியே 108-க்குச் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பானை பக்கத்தில் சீனி டப்பா இருக்கிறது, நல்ல ஏற்பாடு. சுகர் இறங்கி வியர்த்து நடுங்கினால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 3 டீஸ்பூன் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு தடவை.

கழிப்பறை வாசற்படி ஒன்பது அங்குலம் இருக்கும், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர் எழுந்ததும் தலை சுற்றுவது சகஜம். ஈரத் தரை வேறு. ஒன்றேகால் அங்குலக் குழாய் ஒன்றை இடுப்பு உயரத்தில் சுவரில் பதித்துவிட்டால் போதும். கிரைண்டரைச் சரிசெய்ய ஆள் வருகிற அன்றைக்கே அதையும் முடித்துவிடலாம்.