ஆனையிறவுக் கல்லுப்போ, பைக்கற் தூளுப்போ: ஒரு மாரி முழுக்கப் பாத்துப்போட்டு எழுதுறன்

தங்கச்சி கலியாணம் முடிச்சுத் தனிக்குடித்தனம் போய் முதல் கிழமையே போன் எடுத்து, "அக்கா எந்த உப்பு வாங்கிறது, கடையில நாலஞ்சு விதம் கிடக்கு" எண்டு கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் நீட்டி இதில எழுதுறன். போன ஐப்பசியில இருந்து எங்கட குசினியில மூண்டு போத்தல் பக்கத்துப் பக்கத்தில வச்சிருந்தன். ஒண்டில ஆனையிறவுக் கல்லுப்பு, மற்றதில தெற்கிலருந்து வாற தூளுப்பு, மூண்டாவதில 2025 தொடக்கத்தில உப்புக்குத் தட்டுப்பாடு வந்த நேரம் கிடைச்சதை வாங்கி மிச்சமாக் கிடந்த ஒரு இறக்குமதித் தூள், அதின்ர பேர் வேண்டாம்.

ருசியைப் பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. சொதியில போட்டால் மூண்டும் ஒண்டுதான். விலையிலயும் ஒரு குடும்பத்தின்ர மாதச் செலவைக் கூட்டிக் குறைக்கிற அளவுக்கு ஒண்டும் இல்லை.

ஆனையிறவு எண்டால் எங்கட ஆக்களுக்கு முதல் ஞாபகம் வாறது சண்டைதான், ஆனால் அப்பாவின்ர வயதுக்காரருக்கு அது உப்பு. யாழ்தேவி ரெயினில போகேக்க ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக் குவிச்சுக் கிடக்குமாம். அந்த உப்புத்தான் பக்கத்தில பரந்தன் கெமிக்கல் பக்டரிக்கும் போனது, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்ய. 1990 இல சண்டையோட எல்லாம் நிண்டுபோச்சு, பேந்து எங்கட அலுமாரிக்குள்ள வந்ததெல்லாம் அம்பாந்தோட்டை, புத்தளம் உப்புத்தான். அதுகளும் லேசுப்பட்ட இடமில்லை, மகாலேவாய, புந்தல, பாலாவி எண்டு பெரிய பெரிய உப்பளங்கள், நாட்டின்ர உப்பில பெரும்பங்கு அங்கயிருந்துதான் வருகுது. 2025 மார்ச் 29 இல ஆனையிறவில தூளுப்புச் செய்யிற பக்டரியைத் திறந்தவை, ஆனால் பைக்கற்றில "ரஜ லுணு" எண்டு சிங்களப் பேர் வச்சதில சனத்துக்குச் சரியான கோபம். ஆனையிறவில விளையிற உப்புக்கு ஆனையிறவு எண்ட பேர் இல்லையெண்டால் என்ன கதை? பேந்து "ஆனையிறவு உப்பு" எண்டே மாத்தினவை. பேர்தானே எண்டு சிலபேர் சொல்லலாம், எனக்கு அது சின்ன விசயமாத் தெரியேல்ல. தொண்டைமானாற்றை வெட்டினதே கரணவாய்ப் பக்க உப்பை ஏத்தத்தான் எண்டு பழங்கதை இருக்கிற ஊர் எங்கட ஊர்.

சரி, எனக்கு முடிவைச் சொன்னது ருசியுமில்லை பேருமில்லை, மாரிதான். ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சால் எங்கட வீடுகளில உப்பு அழத் தொடங்கும், போத்தலைத் திறந்தால் கரண்டி ஒட்டும், அடியில தண்ணி நிக்கும், தூளுப்பெண்டால் கட்டியாகி கத்தியால குத்தித்தான் எடுக்கோணும். இது உப்பில கலப்படம் எண்டு கனபேர் நினைக்கினம், அது பிழை. சுத்தமான உப்பே காத்தில ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தண்ணியை இழுக்கும், மாரியில இஞ்ச அதைத் தாண்டுறது சாதாரணம். ஆனால் உப்போட சேந்து வாற மக்னீசியம் குளோரைட் இருக்கே, அது 33 வீதம் போலயே இழுக்கத் தொடங்கிடும். அதாலதான் உப்பளத்தில செய்யிற வேலை முக்கியம். கடல்தண்ணி பாத்தியில காய்ஞ்சு ஐஞ்சில ஒரு பங்கா வத்தேக்க ஜிப்சம் படியும், பத்தில ஒரு பங்கா வரேக்கதான் கறியுப்புக் கட்டத் தொடங்கும், அதுக்குப் பிறகும் முழுக்க வத்த விட்டால் மக்னீசியமும் சேந்து படிஞ்சு கசப்பும் ஈரமும் வரும், அதுக்கு முதல் அந்தக் கசப்புத் தண்ணியை வடிச்சு விடோணும். வாரின உப்பைக் குவிச்சுக் கொஞ்ச நாள் போட்டு வைக்கிறதும் அதுக்குத்தான், மிச்ச மக்னீசியம் ஈரத்தை இழுத்துத் தானாவே வடிஞ்சு போகும். பழைய உப்பாப் பாத்து வாங்கு எண்டு அம்மம்மா சொன்னதின்ர அர்த்தம் எனக்கு இப்பதான் விளங்குது.

இந்த வேலை எல்லா உப்பளத்திலயும் ஒண்டுதான், அப்ப வித்தியாசம் எதில? கல்லில. பெரிய கல்லுக்கு வெளிப்பக்கம் குறைவு, தூளுக்குக் கூட. ஒரே மாரி, ஒரே ராக்கை, என்ர இறக்குமதித் தூள் கார்த்திகை நடுப்பகுதியிலயே கல்லாப் போச்சு, தெற்குத் தூள் கொஞ்சம் தாக்குப்பிடிச்சுது, ஆனையிறவுக் கல்லுப்பு மேலால கசிஞ்சதே தவிர கையால அள்ளிப் போடக்கூடியமாதிரி மார்கழி முடியும்வரை இருந்தது. அம்மம்மாவின்ர காலத்தில உப்புப் பானை விறகடுப்புக்குப் பக்கத்திலதான் இருக்கும், அந்தச் சூட்டிலயே காய்ஞ்சிடும். இப்ப காஸ் அடுப்பு, குசினியில அந்தச் சூடு இல்லை. அதால மாரிக்கு எந்த உப்பு நிண்டுபிடிக்கும் எண்டது எங்களுக்கு முந்தியிலும் பாக்க இப்ப முக்கியம்.

இன்னொண்டு, அயடீன். 1995 இலயிருந்து இலங்கையில சாப்பாட்டுக்கு விக்கிற உப்பில அயடீன் சேக்கோணும் எண்டது சட்டம், கழுத்தில கழலை வராமல் இருக்க. அந்த அயடீன் கல்லின்ர மேலதான் பூசினமாதிரி நிக்கும், உப்பு அழுது தண்ணி வடிஞ்சால் அதுவும் அதோட போகும். அடியில நிக்கிற தண்ணியைச் சும்மா ஊத்தி விடாதேங்கோ, கறியில விடுங்கோ. கல்லுப்பை அலசிப் போடுற பழக்கம் இருக்கிற ஆக்களும் இதை யோசிக்கோணும். சாக்கில அள்ளி விக்கிற கல்லுப்பை நான் சமையலுக்கு எடுக்கிறதில்லை, பைக்கற்றில அயடீன் எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்துத்தான் வாங்குவன். லண்டன் அண்ணா கொண்டுவந்த பிங்க் உப்பு வடிவுதான், ஆனால் பைக்கற்றில அயடீன் எண்டு ஒரு எழுத்தும் இல்லை, அதை அலுமாரியிலயே வச்சிட்டன்.

தேசிக்காய் ஊறுகாய், மோர் மிளகாய், மீனுக்கு உப்புப் போட்டு வெயிலில காய விடுறது, இதுக்கெல்லாம் கல்லுப்புத்தான், இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன். கட்டியாகாமல் இருக்கச் சில தூளுப்பில போடுற சாமான் தண்ணியில கரையாமல் நிக்கும், ஊறுகாய்த் தண்ணி கலங்கிப் போகும். போன வருசம் அந்த இறக்குமதித் தூளைப் போட்டு ரெண்டு போத்தல் அப்பிடிக் கலங்கிப் போச்சு, அண்ணாவுக்கு அனுப்ப வச்சிருந்தது, மனம் சரியா நொந்து போச்சு.

தூளுப்புக்கு நியாயம் இல்லையெண்டு சொல்லேல்ல. இடியப்ப மாவுக்கும், அவிச்ச முட்டைக்கும், மாங்காய்க்கு மிளகாய்த்தூளோட தொட்டுச் சாப்பிடவும் தூள்தான் வேணும், கல்லுப்பை ஒவ்வொரு முறையும் இடிக்கேலாது. கரண்டிக் கணக்கில சமைக்கிற ஆக்களுக்கும் தூள் சுகம், ஒரு தேக்கரண்டித் தூளில கிட்டத்தட்ட 6 கிராம் உப்பு இருக்கும், கல்லெண்டால் இடைவெளியால குறையும், ருசி பாத்துப் பாத்துத்தான் போடோணும். அதுக்கு நான் இவ்வளவு நாளும் தெற்குத் தூளைத்தான் வச்சிருந்தன், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனையிறவுத் தூளுப்பு ஒரு பைக்கற்தான் இதுவரை பாவிச்சிருக்கிறன், அதுவும் மழை விட்ட பிறகு, நல்லா உதிரியா இருந்தது. ஆனால் தை மாசி வெயிலில எந்த உப்பும் உதிரியாத்தான் இருக்கும், அடுத்த மாரிக்குப் பிறகு கேளுங்கோ.

தங்கச்சிக்கு ஆனையிறவுக் கல்லுப்பு ஒரு கிலோவும், பழைய ஹோர்லிக்ஸ் கண்ணாடிப் போத்தல் ஒண்டும், அடியில போட வறுத்த அரிசி ஒரு பிடியும் குடுத்து விட்டன். தூளை அவள் தனக்குப் பிடிச்சதை வாங்கட்டும்.