ஜெர்மனி எக்ஸ்சேஞ்ச்: ஒரு செமஸ்டரா, ஒரு வருடமா?

நம் கல்லூரி மாணவராகவே கொஞ்ச காலம் வெளிநாட்டுப் பல்கலையில் படிக்கும் எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனி போக இடம் கிடைத்தவர்கள் அடுத்து மண்டையைக் குடைந்துகொள்வது ஒரு செமஸ்டரோடு திரும்பிவிடலாமா, இரண்டும் முடித்துவிட்டு வரலாமா என்றுதான். நான் அங்கே டிரெஸ்டன் நகரில் இரண்டு செமஸ்டரும் இருந்தவள், முடிந்தால் ஒரு வருடம் போங்கள் என்றே சொல்வேன்.

செலவில் ஒரு செமஸ்டர்தான் ஜெயிக்கும். கல்லூரிகளுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால் அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது, ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முன்கூட்டியே பணம் போட்டுவிட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில், பணம் காட்டணும். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904. ஆறு மாதம் என்றால் அதில் பாதி.

ஆனால் நாம் போவது வளர்ந்து வருவதற்கு என்றால், காலம்தான் முக்கியம். இங்கே இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், வீட்டுக்கு போன் போடும் ஹெச்.ஓ.டி. என்று யாராவது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பெரும்பாலான லெக்சர்களில் அட்டெண்டன்ஸே எடுப்பதில்லை. பல பாடங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு பரீட்சை, சிலவற்றில் புரொஃபசர் எதிரே உட்கார்ந்து வாயால் பதில் சொல்லணும், அதற்குப் பதிவு செய்வதும் நம் பொறுப்பு, கடைசித் தேதி போய்விட்டால் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். குளிர்கால செமஸ்டரில் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். முதல் சில வாரங்கள் முகவரியைப் பதிவு செய்வது, இன்ஷூரன்ஸ், பேங்க் என்றே ஓடிவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் லீவு. தன் நாளைத் தானே திட்டமிடுவது பிடிபடும்போது ஜனவரி வந்துவிடும், ஒரு செமஸ்டருக்கு வந்தவர் அப்போது பரீட்சையையும் திரும்பும் டிக்கெட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு ஏப்ரலில் தொடங்கிய செமஸ்டர்தான் நிஜமான படிப்பு. யாரையும் கேட்காமல் பாடங்களை நானே தேர்ந்தெடுத்தேன், செமினாரில் ஒருவர் என் முடிவை மறுத்தபோது கணக்கை போர்டில் எழுதிக் காட்டி என் பக்கத்தை விடாமல் பேசினேன். ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் ஒரே கிச்சனைப் பகிர்ந்துகொண்டோம். அந்த ஏப்ரலில் புதிதாக வந்த பெண்ணுக்கு மஞ்சள் தொட்டியில் பேக்கிங் கவர், நீலத்தில் காகிதம், பழுப்பில் காய்கறித் தோல் என்று காட்டி, இந்த வாரம் யார் அடுப்பைத் துடைக்கணும் என்ற பட்டியலில் அவள் பெயரையும் எழுதினேன். அதுவரை விருந்தாளி மாதிரி இருந்தவள் அன்றைக்கு அந்த வீட்டு மனுஷியாகிவிட்டேன். பயத்தைவிட பொறுப்பு பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது எனக்கு அங்கேதான்.

காலண்டரையும் பாருங்கள். அவர்களுடைய குளிர்கால செமஸ்டர் பரீட்சைகள் பிப்ரவரிவரை இழுக்கும், நம் கல்லூரிகளிலோ ஒரு செமஸ்டர் நவம்பர், டிசம்பரோடு முடிந்து அடுத்தது ஜனவரியில் தொடங்கிவிடும். ஆக ஒரு செமஸ்டர் போனாலும் இங்கே இரண்டில் கை வைக்கிறது. கிரெடிட் மாற்றத்தை, அதாவது அங்கே படித்த பாடங்களை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதை, டிபார்ட்மெண்டில் எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கேம்பஸ் இன்டர்வியூ நேரத்தில் கட்டாயம் இங்கே இருந்தாகணும் என்பவர்களுக்கு ஒரு செமஸ்டரே சரி. நான் இன்ஜினியரிங் மாணவி, அதுவும் ஒரே ஊரில் இருந்தவள், எல்லாத் துறைக்கும் இது பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆறு மாதத்தில் நன்றாக மாறி வந்தவர்களும் இருக்கிறார்கள், நான் பார்த்தவரை அவர்கள் நம் ஊர்க்காரர்களோடு மட்டும் வீடு எடுக்காமல் வேறு நாட்டவர்களோடு சேர்ந்து தங்கியவர்கள். ஒரு செமஸ்டர்தான் என்று முடிவாகிவிட்டால் வேறு நாட்டவர்களோடு தங்கணும் என்று விடுதி விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.